அப்பாவின் பண்ணை யாருக்கு? ஆரம்பகால அமெரிக்காவில் நிலப் பாகப்பிரிவினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பகாலம் என்று இங்கே சொல்வது ஏறத்தாழ 1630 முதல் 1800 வரை. இடம், அட்லாண்டிக் கரையோரத்தில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களும் அவற்றிலிருந்து பிறந்த மாநிலங்களும். யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஏக்கர் கிடைக்காதவருக்கு யார், எதைக் கொண்டு, எத்தனை ஆண்டுகளில் ஈடு கட்டினார்கள் என்று கேட்டால்தான் அந்தக் காலத்துக் குடும்பங்கள் நமக்குப் பிடிபடும். பதில்களை அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

மூத்த மகனுக்கே முழு நிலமும் என்பதுதானே அன்றைய சட்டம்?

பாதி உண்மை. இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குப் போகும். தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அசையும் சொத்தில் மட்டுமே பங்கு. வர்ஜீனியா, மேரிலாந்து, இரண்டு கரோலினாக்கள், ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு நியூயார்க் ஆகியவை இந்த வழியில் போயின. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், பென்சில்வேனியா ஆகியவை வேறு வழி கண்டன: பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு உண்டு, மூத்த மகனுக்கு மட்டும் அது இரட்டிப்பு.

இந்த இரண்டு விதிகளும் உயில் இல்லாதபோதுதான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உயில் எழுதும் தந்தை தன் விருப்பப்படி எழுதலாம். வர்ஜீனியாவில் வசதியுள்ள தோட்டக்காரர்கள் பலர் வீட்டோடு கூடிய தாய்த் தோட்டத்தை மூத்தவனுக்கும், பிறகு வாங்கிய நிலங்களை இளையவர்களுக்கும் எழுதி வைத்தார்கள். சட்டத்தின் முழுக் கடுமையும் விழுந்தது, எதிர்பாராமல் செத்துப்போனவர்களின் குடும்பங்கள் மீது.

இரட்டைப் பங்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

விவிலியத்திலிருந்து. உபாகமம் 21-ஆம் அதிகாரம் தலைமகனுக்கு இரண்டு பங்கு கொடுக்கச் சொல்கிறது. மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் (கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) 1641-இல் தொகுத்த உரிமைச் சட்டத்தில் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெண்கள் கூட்டாகச் சமமாக அடையலாம் என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. 1692-இல் இந்த ஏற்பாடு விரிவான வாரிசுச் சட்டமாக மாறியது.

வேத வாக்கியம் மட்டும் காரணமல்ல என்று நினைக்கிறேன். காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, கல் பொறுக்கி நிலம் சேர்த்ததில் ஒவ்வொரு மகனின் உழைப்பும் இருந்தது. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று இரண்டாவது மகனிடம் சொன்னால் அவன் பதினெட்டு வயதிலேயே கிளம்பிப் போய்விடுவான். கூலிக்கு ஆள் கிடைக்காத நாட்டில் அது தந்தைக்குத்தான் நஷ்டம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1720-இல் மாசசூசெட்ஸில் ஒரு விவசாயி உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், 120 ஏக்கர்.

மூன்றில் ஒரு பங்கான 40 ஏக்கர் விதவையின் ஆயுள் கால அனுபவத்துக்கு. மீதி 80 ஏக்கரை ஆறு பங்காக்க வேண்டும். பிள்ளைகள் ஐந்து பேர், மூத்தவனுக்கு ஒரு பங்கு கூடுதல் என்பதால் ஆறு. மூத்தவனுக்கு ஏறத்தாழ 26 முக்கால் ஏக்கர், மற்ற நால்வருக்கும் ஆளுக்குப் பதின்மூன்றே சொச்சம். தாய் இறந்த பிறகு அந்த 40 ஏக்கரும் இதே விகிதத்தில் உடையும்.

13 ஏக்கர் நம் ஊர்க் கணக்குக்குப் பெரிதாகத் தோன்றலாம். அங்கே அப்படியில்லை. பாறை மிகுந்த மண், நீண்ட பனிக்காலம், மாட்டுக்கு ஆறு மாத வைக்கோல் சேர்க்க வேண்டும், அடுப்புக்கும் குளிருக்கும் விறகுக் காடு வேண்டும். விதைத்த வயலை எருப்போடாமல் சில ஆண்டுகள் தரிசாக விட்டுத்தான் மீண்டும் உழுதார்கள். 13 ஏக்கரை வைத்து ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. எனவே தாளில் இருந்த இந்தக் கணக்கு பெரும்பாலும் தரையில் இறங்கவே இல்லை. என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் அவர் அதை விற்கலாமா?

விற்க முடியாது. உயிரோடு இருக்கும்வரை பயிர் செய்யலாம், குத்தகைக்கு விடலாம், வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். மரத்தை மொட்டையடித்து விற்பது, கட்டடத்தைச் சிதைப்பது போன்றவற்றுக்கு அனுமதியில்லை. அவர் இறந்ததும் நிலம் கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். அசையும் சொத்தில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்குதான் முழுச் சொந்தம்.

வீட்டையும் இப்படியே பிரித்தார்கள். கிழக்குப் பக்கத்து அறை, அதன் மேல்மாடி அறை, நிலவறையில் ஒரு பகுதி, அடுப்பில் ரொட்டி சுடும் உரிமை, கிணற்றில் நீர் இறைக்கும் உரிமை, வாசல் வழியாகப் போய்வரும் உரிமை என்று பங்கீட்டு ஆவணங்கள் எழுதுகின்றன. உயில்களில் இன்னும் நுணுக்கம் இருக்கும். ஆண்டுக்கு இத்தனை புஷல் சோளம், இத்தனை பீப்பாய் ஆப்பிள் மது, வெட்டி வாசலில் அடுக்கிய விறகு, ஒரு பசுவுக்குத் தீனி, ஞாயிறன்று தேவாலயம் போக ஒரு குதிரை. இவற்றையெல்லாம் மகன் தாய்க்குக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது அன்பும் தெரியும், சந்தேகமும் தெரியும். மருமகள் அடுப்பைத் தொடவிடமாட்டாள் என்ற பயம் இல்லாதவர், அடுப்பு உரிமையை உயிலில் எழுதுவாரா?

பல உயில்கள் ‘விதவையாக இருக்கும் வரை’ என்று நிபந்தனை போட்டன. மறுமணம் செய்துகொண்டால் அந்தக் கூடுதல் வசதிகள் போய்விடும். ஆனால் சட்டம் கொடுத்த மூன்றில் ஒரு பங்கு மறுமணத்தால் போகாது. உயில் பிடிக்காவிட்டால் அதை மறுத்துச் சட்டப் பங்கையே கேட்கும் வழியும் அவருக்கு இருந்தது. கணவன் நிலம் விற்கும்போது மனைவியும் பத்திரத்தில் கையெழுத்தோ குறியோ வைத்திருப்பதைப் பார்க்கலாம். வருங்காலத்து விதவைப் பங்கை அவர் விட்டுக்கொடுத்ததற்கு அது சாட்சி. இல்லாவிட்டால் வாங்கியவரின் நிலத்தில் பின்னொரு நாள் உரிமை கேட்டு நிற்பார்.

ஒரு விதவையின் ஆயுள் உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வர்ஜீனியாவிலுள்ள மவுண்ட் வெர்னன் தோட்டம் நல்ல எடுத்துக்காட்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தை 1743-இல் இறந்தபோது அந்த இடம் மூத்த அண்ணன் லாரன்ஸுக்குப் போனது. பதினோரு வயது ஜார்ஜுக்கு வேறொரு சிறிய பண்ணை. லாரன்ஸ் 1752-இல் இறந்தார், அவருடைய மகளும் 1754-இல் இறந்தாள். அதன் பிறகும் மவுண்ட் வெர்னன் ஜார்ஜுக்கு வரவில்லை. அண்ணியின் ஆயுள் உரிமை நடுவே இருந்தது. எனவே ஆண்டுக்கு 15,000 பவுண்டு எடையுள்ள புகையிலை வாடகைக்கு அதை அண்ணியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். 1761-இல் அண்ணி இறந்த பிறகுதான் அது அவருக்குச் சொந்தமானது.

நிலத்தை யார், எப்படி அளந்து பிரித்தார்கள்?

மாசசூசெட்ஸ் வழக்கத்தைச் சொல்கிறேன். இறந்தவரின் சொத்துக்கு நிர்வாகியை நியமிப்பது மாவட்டத்தின் வாரிசு நீதிபதி. முதலில் அக்கம்பக்கத்தார் மூவர் வீட்டுக்கு வந்து கட்டில், பித்தளைப் பானை, கலப்பை, கன்றுக்குட்டி வரை மதிப்புப் போட்டுப் பட்டியல் எழுதுவார்கள். கடன்கள் தீர்ந்த பின் நிலம் வைத்திருக்கும் ஐந்து பேரை நீதிபதி பங்கீட்டாளர்களாக நியமிப்பார். அவர்கள் சத்தியம் செய்துவிட்டு நிலத்தில் நடந்து பார்த்துப் பிரிப்பார்கள்.

அளவுக்கருவி கன்ட்டர் சங்கிலி: 66 அடி நீளம், 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். திசைக்குத் திசைகாட்டி. எல்லையை ‘வெட்டுக்குறி போட்ட வெள்ளை ஓக் மரத்திலிருந்து கிழக்கே இத்தனை கோல் நடந்தால் ஒரு கற்குவியல், அங்கிருந்து ஓடை வரை’ என்று எழுதினார்கள். ஓக் மரம் சாயும், கற்குவியல் கலையும், ஓடை தடம் மாறும். போதாக்குறைக்கு திசைகாட்டி ஊசி காட்டும் வடக்கும் ஆண்டுக்கு ஆண்டு சற்று நகர்கிறது. பேரன் காலத்தில் அதே பத்திரத்தை வைத்து அதே கோணத்தில் அளந்தால் கோடு பக்கத்து வயலுக்குள் போய் நிற்கும். வழக்குக்குப் பஞ்சமே இல்லை.

ஏக்கரை மட்டும் எண்ணிப் பிரித்தால் நியாயமாகாது என்பது ஐவருக்கும் தெரியும். உழவு நிலம், ஆற்றோரப் புல்வெளி, மேய்ச்சல், விறகுக் காடு, கடலோர ஊராக இருந்தால் உப்புச் சதுப்பு நிலத்துப் புல் என்று ஒவ்வொரு வகையிலும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வேண்டும். விளைவு, ஒருவனின் பங்கு நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். களஞ்சியத்தையும் இரண்டாக்கினார்கள்: தெற்குப் பாதி உனக்கு, வடக்குப் பாதி எனக்கு, நடுவிலிருக்கும் கதிரடிக்கும் தளம் இருவருக்கும் பொது. வண்டித்தட உரிமை, தோட்டக் கதவைத் திறந்து மூடும் பொறுப்பு எல்லாம் எழுத்தில் ஏறின.

நிலம் துண்டாடத் தகாத அளவில் இருந்தால்?

இதுதான் பெரும்பாலான வீடுகளில் நடந்தது. பிரித்தால் முழுவதும் கெட்டுவிடும் என்று பங்கீட்டாளர்கள் சொன்னால், நீதிபதி முழுப் பண்ணையையும் ஒரே பிள்ளைக்குத் தீர்த்துவைக்கலாம் என்று 1692-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் கொடுத்தது. முதல் வாய்ப்பு மூத்த மகனுக்கு. அவன் வேண்டாமென்றால் அடுத்தவனுக்கு. எடுத்துக்கொள்பவன் மற்றவர்களின் பங்குக்குரிய மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவிலும் அனாதைகள் நீதிமன்றம் என்று அழைக்கப்பட்ட மன்றம் கிட்டத்தட்ட இதையே செய்தது.

நிலத்தைப் பெற்றவன் அதிர்ஷ்டசாலி என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாளிலேயே கடனாளி. மேலே சொன்ன கற்பனைக் குடும்பத்தில் மூத்தவன் பண்ணையை எடுத்தால், தம்பி தங்கைகள் நால்வருக்கும் சேர்த்து ஆறில் நான்கு பங்கின் விலையைக் கொடுக்க வேண்டும். தாய்க்கும் அவள் பங்கை விட்டுவைக்க வேண்டும். ரொக்கமாகப் பணம் புழங்காத ஊரில் எங்கே போவான்? கடன் பத்திரம் எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் மாட்டையும் தானியத்தையும் விற்று, பத்துப் பதினைந்து ஆண்டுகள் கட்டுவான். தங்கைக்குப் பங்கு, அவள் திருமணத்தின்போது பசுவும் படுக்கையுமாகப் போகும். தம்பிக்கு ஒரு தொழில் பழக வழிசெய்து கொடுத்துக் கணக்கில் கழிப்பார்கள். பணம் பெற்றுக்கொண்டவர்கள் உரிமையை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதுவார்கள்.

சமத்துவச் சட்டம் என்று வடக்கைப் புகழ்வதும் மூத்தவன் சட்டம் என்று தெற்கைத் தூற்றுவதும் எளிது. நடைமுறையில் வடக்கிலும் பண்ணை பெரும்பாலும் ஒருவன் கையில்தான் நின்றது. தம்பியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று வடக்கின் சட்டம் கட்டாயப்படுத்தியதே உண்மையான வேறுபாடு. அந்தச் சுமை நிலம் பெற்றவன் முதுகில் ஏறியது.

பெண்களுக்கு நிலம் கிடைத்ததா?

வடக்கில் சட்டப்படி பங்கு உண்டு, வழக்கத்தில் அரிது. உயில்களில் மகன்களுக்கு நிலம், மகள்களுக்கு அசையும் பொருள் என்பதே பொது நடைமுறை: கறவைப் பசு, இறகு மெத்தை, துணிமணி, ஈயத்தட்டுகள், கொஞ்சம் பணம். இவை திருமணத்தின்போதே தரப்பட்டிருந்தால் பாகத்தில் கழித்துக்கொள்வார்கள்.

நிலம் கிடைத்தாலும் திருமணமான பெண்ணால் அதை ஆள முடியாது. மண வாழ்க்கை நீடிக்கும்வரை நிர்வாகமும் வருமானமும் கணவனுக்கு. அவள் ஒப்புதலின்றி விற்க முடியாது என்பதே காப்பு. உயிருடன் ஒரு குழந்தை பிறந்திருந்தால், மனைவி இறந்த பிறகும் அவளுடைய நிலம் முழுவதையும் தன் ஆயுள்வரை அவன் அனுபவிக்கலாம். விதவைக்கு மூன்றில் ஒன்று, மனைவியை இழந்தவனுக்கு முழுவதும்! மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டங்கள் மிசிசிப்பியில் 1839-இலும் நியூயார்க்கில் 1848-இலும்தான் வரத் தொடங்கின.

ஒரு மகனைப் படிக்க வைத்திருந்தால் அதைப் பங்கில் கழிப்பார்களா?

கழித்தார்கள். பின்னாளில் நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் வீட்டிலேயே அது நடந்தது. மூன்று மகன்களில் மூத்தவரான அவரைத் தந்தை ஹார்வர்டுக்கு அனுப்பினார். 1761-இல் தந்தை இறந்தபோது ஜானுக்குத் தம்பிகளைவிடக் குறைந்த பங்கு. படிப்புச் செலவே பங்கில் ஒரு பகுதி என்று கொள்ளப்பட்டது. தந்தையின் வீடும் அதைச் சேர்ந்த நிலமும் தம்பி பீட்டருக்குப் போயின. 1774-இல் ஜான் அந்த வீட்டையும் நிலத்தையும் தம்பியிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார்.

இங்கிலாந்து இந்தப் பங்கு முறையை ஒப்புக்கொண்டதா?

ஒரு கட்டத்தில் ஒப்புக்கொள்ள மறுத்தது. அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மாசசூசெட்ஸின் முதல் ஆளுநர்களில் ஒருவரான ஜான் வின்த்ரப்பின் பேரன் வெயிட் வின்த்ரப். கனெக்டிகட்டில் ஏராளமான நிலம் வைத்திருந்த அவர் 1717-இல் உயில் எழுதாமல் இறந்தார். இரண்டே பிள்ளைகள்: மகன் ஜான், மகள் ஆன். கனெக்டிகட்டின் 1699-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனுக்கு மூன்றில் இரண்டு, மகளுக்கு மூன்றில் ஒன்று. ஜான் அதை ஏற்கவில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டப்படி நிலம் முழுவதும் ஒரே மகனான தனக்குத்தான் என்றார். ஆனின் கணவர் தாமஸ் லெச்மியர் மனைவிக்காக வழக்காடினார். உள்ளூர் நீதிமன்றங்கள் கைவிட்டதும் ஜான் கப்பலேறி லண்டனுக்குப் போய் மன்னரின் ஆலோசனைக் குழுவில் முறையிட்டார்.

1728 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கனெக்டிகட்டின் வாரிசுச் சட்டம் இங்கிலாந்தின் சட்டத்துக்கு முரணானது, எனவே செல்லாது. ஜானுக்கு வெற்றி. கனெக்டிகட்டுக்கோ பேரிடி. அந்தச் சட்டத்தை நம்பிப் பல்லாண்டுகளாக எத்தனையோ பண்ணைகள் பிரிக்கப்பட்டிருந்தன, விற்கப்பட்டிருந்தன, அடமானம் வைக்கப்பட்டிருந்தன. எந்த மூத்த அண்ணனும் இனி எழுந்து ‘அது முழுவதும் என்னுடையது’ என்று சொல்லலாம்!

குடியேற்றத்தார் பக்கம் ஒரு சுவையான வாதம் இருந்தது. மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அரச சாசனங்கள் அந்த நிலங்களை கென்ட் மாவட்டத்துக் கிழக்கு கிரீனிச் பண்ணையின் முறைப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கின்றன. இங்கிலாந்திலேயே கென்ட்டில் மகன்கள் அனைவரும் சமமாகப் பங்கிடும் பழைய வழக்கம் நிலைத்திருந்தது. அப்படியானால் எங்கள் வழக்கம் ஆங்கிலச் சட்டத்துக்கு எப்படி முரணாகும் என்று கேட்டார்கள். 1738-இல் பிலிப்ஸ், சேவேஜ் ஆகியோருக்கு இடையிலான வழக்கில் மாசசூசெட்ஸ் சட்டம் செல்லும் என்று அதே குழு தீர்ப்பளித்தது. 1745-இல் இன்னொரு வழக்கு கனெக்டிகட்டுக்கும் சாதகமாக முடிந்தது. ஜான் வின்த்ரப் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார், ஊர் திரும்பவில்லை.

நிலத்தைப் பேரன் பேத்திகள்கூட விற்கக் கூடாது என்று கட்டிப்போட முடிந்ததா?

முடிந்தது, தெற்கில் அதிகமாக. என்டெயில் என்ற ஏற்பாட்டின்படி நிலம் குறிப்பிட்ட வழித்தோன்றல்களுக்கு மட்டுமே இறங்கும். அனுபவிக்கலாம், விற்க முடியாது. இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் ஒரு நாடக வழக்கு நடத்தி இந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். வர்ஜீனியா 1705-இல் அந்த வழியையும் அடைத்தது: சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டால்தான் விடுவிக்கலாம். சிறிய சொத்துகளுக்கு மட்டும் 1734-இல் எளிய வழி வந்தது. கடனில் மூழ்கிய சீமான் மகன்கள், பாட்டன் போட்ட முடிச்சை அவிழ்க்கச் சட்டமன்றத்துக்கு மனுப் போட்டபடியே இருந்தார்கள்.

கடன் இருந்தால் நிலமும் போய்விடுமா?

போய்விடும். 1732-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டம், குடியேற்றங்களில் உள்ள நிலத்தையும் சாதாரணக் கடனுக்கு ஏலம் விடலாம் என்றது. வாரிசுகள் கைக்கு வருவது கடன் போக மீதிதான்.

அடிமைப்படுத்தப்பட்டவர்களையும் பங்கு போட்டார்களா?

ஆம். தெற்கின் நிலப் பங்கீட்டை இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1705-இல் வர்ஜீனியா, வாரிசுரிமை நோக்கில் அடிமைகளும் நிலத்தைப் போன்ற அசையாச் சொத்தே என்று சட்டம் போட்டது. தோட்டத்தோடு அதை உழும் மனிதர்களும் சேர்ந்தே இறங்க வேண்டும் என்பது நோக்கம். பங்கு பல கைகளுக்குப் போகும்போது தாய் ஒரு வாரிசுக்கும் பிள்ளை இன்னொருவருக்கும் என்று பிரிந்தார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய அடிமைகளில் மூன்றில் ஒரு பங்கு விதவைப் பங்காக மார்த்தாவின் ஆயுள் அனுபவத்துக்கு வந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர அந்த எண்ணிக்கை பெருகியது. 1799-இல் வாஷிங்டன் கைப்பட எழுதிய பட்டியலில் மவுண்ட் வெர்னனில் 317 பேர். அவர்களில் 123 பேர் வாஷிங்டனின் சொத்து, 153 பேர் கஸ்டிஸ் வழி விதவைப் பங்கு, மீதிப்பேர் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். வாஷிங்டன் தம் உயிலில் தம்முடையவர்களுக்கு விடுதலை எழுதினார். விதவைப் பங்கில் இருந்தவர்களை அவராலும் மார்த்தாவாலும் விடுவிக்க முடியாது, ஏனென்றால் அது ஆயுள் உரிமை மட்டுமே. இரு பிரிவினரும் தங்களுக்குள் மணம் செய்திருந்தார்கள். 1801 ஜனவரி 1 அன்று 123 பேரின் விடுதலை நடைமுறைக்கு வந்தபோது, விடுதலையான கணவனுக்கு விடுதலையாகாத மனைவி என்ற நிலை பல வீடுகளில் ஏற்பட்டது. 1802-இல் மார்த்தா இறந்ததும் அந்த விதவைப் பங்கு நான்கு பேரப்பிள்ளைகளுக்குள் பிரிந்தது. விதவையைக் காக்க உண்டான ஒரு விதி, மற்றவர்களின் குடும்பங்களைக் கூறுபோடும் கத்தியானது.

ஆங்கிலேயர் அல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

நியூயார்க்கின் டச்சுக்காரர்கள் கணவனும் மனைவியும் கூட்டாக ஒரே உயில் எழுதுவார்கள். பிறகு மகன், மகள் வேறுபாடின்றிப் பங்கு. 1664-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையிலேயே தங்கள் வாரிசு வழக்கம் தொடரும் என்று ஒரு பிரிவை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் தலைமுறைகள் போகப்போக ஆங்கில முறை அதை அரித்துவிட்டது. டெட்ராய்ட், இலினாய் பகுதிகளின் பிரெஞ்சு விவசாயிகள் பாரிஸ் வழக்கப்படி சமமாகப் பிரித்தார்கள். ஆற்றுமுகம் எல்லோருக்கும் வேண்டும் என்பதால் நீளவாக்கில் கீறினார்கள். நிலங்கள் ஆற்றிலிருந்து பின்னோக்கி ஓடும் ஒடுங்கிய பட்டைகளாயின.

தந்தை உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுப்பாரா?

கொடுப்பார், ஆனால் பத்திரத்தைக் கொடுக்க மாட்டார். மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் முதல் தலைமுறையினர் மகனுக்கு ஒரு வயலைக் காட்டி வீடு கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். உரிமை தங்கள் பெயரிலேயே சாகும்வரை இருக்கும். மகன்கள் இருபதுகளின் பிற்பகுதிவரை திருமணத்துக்குக் காத்திருந்ததற்கு இது ஒரு காரணம். நாற்பது வயதிலும் பலர் அப்பாவின் நிலத்தில்தான் உழுதார்கள். எழுதிக் கொடுத்த தந்தைகள் பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்தார்கள். மகன் தவறினால் நிலம் திரும்பிவிடும்.

உயிலில் ஒரு பிள்ளைக்கு வெறும் ஐந்து ஷில்லிங் என்று இருந்தால் கோபமா?

சில நேரம் கோபம். பல நேரம் எச்சரிக்கை. உயிலில் பெயரே இல்லாத பிள்ளை மறக்கப்பட்டதாகக் கருதப்பட்டு முழுப் பங்கும் கேட்கலாம் என்று மாசசூசெட்ஸ் சட்டம் சொன்னது. ஏற்கெனவே பங்கைப் பெற்றுப் போய்விட்ட மகனுக்குச் சில ஷில்லிங் எழுதி அந்தக் கதவை மூடினார்கள்.

அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகு என்ன மாறியது?

சட்டத்தில் நிறைய. ஜார்ஜியா 1777-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே சமப் பங்கை எழுதியது. வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சன் 1776-இல் என்டெயிலை ஒழித்தார்; மூத்தவன் சட்டத்தை ஒழிக்கும் சட்டம் 1785-இல் நிறைவேறி 1787 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விவாதத்தில் எட்மண்ட் பெண்டில்டன் என்ற வர்ஜீனியாத் தலைவர், போகட்டும், மூத்தவனுக்கு இரட்டைப் பங்காவது விடுங்கள் என்றாராம். மூத்தவன் இரண்டு மடங்கு சாப்பிடுவான், இரண்டு மடங்கு வேலை செய்வான் என்றால் கொடுக்கலாம் என்று ஜெஃபர்சன் மறுத்ததாக அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நியூயார்க் 1786-இல் மாறியது. வடக்கின் விவிலிய இரட்டைப் பங்கும் போனது: மாசசூசெட்ஸ் 1789, கனெக்டிகட் 1792, பென்சில்வேனியா 1794.

ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கே விரிந்த பகுதிக்காக 1787-இல் வந்த ஆணை, தன் இரண்டாம் பிரிவிலேயே பாகப்பிரிவினையை எடுத்துக்கொள்கிறது. உயில் இல்லையேல் பிள்ளைகளுக்குச் சம பங்கு. இறந்த பிள்ளையின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை, மாற்றாந்தாய்ப் பிள்ளை என்ற வேற்றுமை இல்லை. விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு ஆயுள் உரிமை.

நிலம் கிடைக்காத தம்பிகள் எங்கே போனார்கள்?

மேற்கே. 1753-இல் கனெக்டிகட்காரர்கள் சஸ்குவஹானா கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி இன்றைய பென்சில்வேனியாவுக்குள் நிலம் தேடிப் போனதும், வெர்மான்ட் மலைகளுக்குக் கூட்டம் கூட்டமாக ஏறியதும் இந்த நெருக்கடியால்தான். அந்த நிலங்கள் காலியாகக் கிடக்கவில்லை. பூர்வகுடிகளின் நிலம் அவர்கள் ஒப்புதலின்றி ஒருபோதும் எடுக்கப்படாது என்று 1787-ஆம் ஆண்டு ஆணையே வாக்குக் கொடுத்தது. எட்டு ஆண்டுகளுக்குள், போரில் தோற்கடிக்கப்பட்ட பின் கிரீன்வில் உடன்படிக்கையில் இன்றைய ஒஹையோவின் பெரும்பகுதியை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நியூ இங்கிலாந்துத் (மாசசூசெட்ஸ், கனெக்டிகட் அடங்கிய வடகிழக்குப் பகுதி) தம்பிகளுக்கு ஈடு கட்டியவர்கள் பட்டியலில் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

சட்டம் சில மாதங்கள் முன்பின்னாக மாறியதால் யாராவது பாதிக்கப்பட்டார்களா?

ஆபிரகாம் லிங்கனின் தந்தை. குடியரசுத் தலைவரின் தாத்தாவுக்கும் ஆபிரகாம் லிங்கன் என்றே பெயர். வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குப் போய் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் சேர்த்தவர். 1786-இல் மூன்று மகன்களோடு வயலில் இருந்தபோது பூர்வகுடிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார். கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. ஜெஃபர்சனின் புதிய சட்டம் நிறைவேறியிருந்தது, ஆனால் நடைமுறைக்கு வர இன்னும் சில மாதங்கள் இருந்தன. எனவே பழைய சட்டப்படி நிலம் மூத்த மகன் மார்டெகாயிடம் போனது. கடைசி மகன் தாமஸுக்கு அப்போது எட்டு வயது.

தாமஸ் ஊர் ஊராகக் கூலி வேலை செய்து, தச்சு வேலை பழகி, 1803-இல் சொந்தமாக ஒரு பண்ணை வாங்கினார். வெள்ளை ஓக் மரத்தையும் கற்குவியலையும் நம்பிய கென்டக்கி எல்லைகள் அவரையும் விடவில்லை. நிலத்தின் உரிமை குறித்த தகராறுகளில் அலுத்து 1816-இல் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் போனார். அது 1787-ஆம் ஆண்டு ஆணைக்கு உட்பட்டிருந்த பகுதி. நிலம் சதுரச் சதுரமாக, சதுரத்துக்கு 640 ஏக்கர் என்று அரசு அளந்து விற்ற இடம். அடிமை முறை ஒரு காரணம், நில உரிமைச் சிக்கலே முக்கியக் காரணம் என்று மகன் ஆபிரகாம் பின்னாளில் எழுதினார்.

இந்தப் பழைய பங்கீட்டு ஆவணங்களை இன்று எங்கே தேடுவது?

அமெரிக்காவில் வசிப்பவர்களும் அங்கே குடும்ப வரலாறு தேடுபவர்களும் மாவட்ட வாரிசு நீதிமன்றப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம். உயில் கிடைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். நிர்வாகியின் பிணைப் பத்திரம், சொத்துப் பட்டியல், விதவைப் பங்கு ஒதுக்கீடு, பங்கீட்டாளர்களின் அறிக்கை ஆகியவை தனித்தனியாகக் கிடக்கும். பென்சில்வேனியாவில் அனாதைகள் நீதிமன்றக் குறிப்பேடுகளைப் பார்க்க வேண்டும். கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மூன்றிலும் நிலப் பத்திரங்கள் மாவட்டத்தில் இல்லை, ஊர் எழுத்தரிடம் இருக்கின்றன. எங்குமே பங்கீடு தென்படாவிட்டால், தந்தை இறந்த பத்து இருபது ஆண்டுகளுக்கான பத்திரப் பதிவேட்டில் உடன்பிறந்தவர்கள் ஒருவனுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தைத் தேடுங்கள். மணமாகிப் பெயர் மாறிய சகோதரிகளின் புகுந்த வீட்டுப் பெயரும் கணவர்களின் ஊரும் பல நேரம் அந்த ஒரு தாளில்தான் இருக்கும்.